சிம் லாக்: பூட்டா, தளையா, கட்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'சிம் லாக்'குக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் மடல் இழை நீண்டுவிட்டதால், உங்கள் கருத்துகளை மேற்கோள் காட்டி எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். நாடு மாறிப் போகிறவர்களுக்கான கைபேசி உதவிக் குறிப்புகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது இடறிய சொல் இது. ஒரு நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்று, மற்றதைத் தள்ளிவிடும் கைபேசியை 'லாக்டு போன்' என்கிறோம். அந்த 'லாக்'குக்குத் தமிழில் என்ன?

> பூட்டு என்ற நல்ல சொல் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு? சிம் பூட்டு என்று போட்டுவிட்டு நகரலாமே.

நானும் முதலில் அப்படித்தான் போட்டேன். என் அண்ணிக்கு நடந்ததைக் கேட்ட பிறகுதான் அழித்தேன்.

அவர் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போனபோது பழைய கைபேசியையே எடுத்துப் போனார். புது நாட்டில் வாங்கிய சிம்மைப் போட்டதும், சிம் பூட்டைத் திறக்க எண்ணைக் கொடு என்று திரை கேட்டது. சிம் வந்த உறையில் நான்கு இலக்கத்தில் ஒரு பின் எண் அச்சிட்டிருந்தது. அதை அடித்தார், தவறு என்றது. இன்னொரு தடவை அடித்தார். என்னைக் கூப்பிட்டார். நானும் பெரிய விவரம் தெரிந்தவனாக, "உறையைச் சரியாகப் பார்த்து நிதானமாக அடியுங்கள்" என்றேன். கருவி கேட்டது அந்த எண்ணையே இல்லை. கைபேசியை விற்ற நிறுவனம் தர வேண்டிய வேறோர் எண்ணை அது கேட்டுக்கொண்டிருந்தது. அனுமதித்த முயற்சிகள் தீர்ந்துபோயின. பின்னால் சரியான எண் கிடைத்தும் கருவி அதை ஏற்கவில்லை.

இரண்டும் 'சிம் பூட்டு'தான், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. முதல் பூட்டு சிம் அட்டைக்குள் இருக்கிறது. பின் எண்ணை மூன்று முறை தவறாக அடித்தால் பக் எண்ணை, அதாவது சிம் நிறுவனம் தரும் மீட்பு எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக அடித்தால் சிம் அதோடு செத்தது, புது சிம்தான் வாங்க வேண்டும். அந்தப் பூட்டைப் போடுவதும் எடுப்பதும் நம் கையில்தான். இரண்டாவது பூட்டு கைபேசிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு சிம்மிலும் ஐஎம்எஸ்ஐ என்று அதிகபட்சம் 15 இலக்கத்தில் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும். அடுத்த இரண்டோ மூன்றோ நிறுவனத்தைக் காட்டும். சிம்மைச் செருகியதும் கருவி இந்த முன்பகுதியைப் படித்து, தனக்குச் சொல்லி வைத்த எண்ணோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் சிக்னல் கிடையாது. திறக்கும் எண் நம்மிடம் இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். சில கருவிகளில் எண்ணே கிடையாது. நிறுவனம் தன் பதிவில் விடுவித்தால், இணையம் வழியாகக் கருவி தெரிந்துகொள்ளும்.

ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு. அவர்களுடைய குழப்பத்தை நாமும் சீதனமாக வாங்கிக்கொள்ள வேண்டுமா என்ன?

தரநிலை எழுதியவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடிப் பார்த்தேன். கைபேசித் தரநிலைகளை வகுக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பான 3ஜிபிபி-யின் 22.022 ஆவணத் தலைப்பில் பூட்டு என்ற பேச்சே இல்லை, 'பர்சனலைசேஷன்' என்கிறது. வலையமைப்பு, அதன் உட்பகுதி, சேவை வழங்குநர், பெருநிறுவனம், குறிப்பிட்ட ஒரு சிம் என்று ஐந்து வகையாகக் கட்டிப்போடலாமாம். அதைத் 'தனதாக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். பயனர் தன் கைபேசிக்குப் பிடித்த படம் வைத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

> நாடு மாறினால்தானே சிக்கல்? நாட்டுப்பூட்டு என்றால் பளிச்சென்று விளங்குமே.

விளங்கும், ஆனால் தப்பாக விளங்கும். கட்டிப்போட்ட கைபேசி, பழைய சிம்மோடு வெளிநாட்டில் ரோமிங்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். சிம் பழைய நிறுவனத்தினுடையதுதானே, கருவிக்கு ஆட்சேபம் இல்லை. "இறங்கியதுமே சிக்னல் வந்துவிட்டது, அப்படியானால் லாக் இல்லை" என்று நம்பிப் பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டு வருகிறவர்கள் அகப்பட்டுக்கொள்வது இங்கேதான். உள்நாட்டிலேயே வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அதே கைபேசி மறுக்கும். தான் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அது பார்ப்பதில்லை, சிம் எந்த நிறுவனத்தினுடையது என்றுதான் பார்க்கிறது.

> தளை. அழகான சொல், யாப்பிலும் உண்டு, விலங்கு என்ற பொருளும் உண்டு. வலைத்தளை எனலாம்.

தளை எனக்கும் பிடிக்கும். ஆனால் 'வலைத்தளையை நீக்கு' என்பதை வேகமாகப் படிக்கிறவர் 'வலைத்தளத்தை நீக்கு' என்றுதான் படிப்பார். நானே இரண்டு தடவை அப்படிப் படித்தேன்.

என் பரிந்துரை கட்டு. மாடு ஓடிப்போகாமலிருக்க யாரும் அதைப் பூட்டி வைப்பதில்லை, கட்டி வைக்கிறோம். பூட்டு என்றதும் சாவி எங்கே என்று நம் பையைத் துழாவத் தோன்றும். கட்டு என்றால் கட்டியவர் யார் என்ற கேள்வி வரும். இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். யார் கட்டியது? சேவை நிறுவனம். ஆகவே சேவைக்கட்டு. சிம்முக்கும் திரைக்கும் நாம் போட்டுக்கொள்வது பூட்டாகவே இருக்கட்டும்.

> கட்டு என்றால் மக்களுக்குப் பணம் கட்டு என்றுதான் ஞாபகம் வரும்.

வரட்டும், பொருத்தம்தான்! தவணை கட்டி முடியும்வரை கைபேசியைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

சொல் வளைந்து கொடுக்கிறதா என்றும் பார்த்தேன். சேவைக்கட்டு உள்ள கைபேசி, கட்டவிழ்த்தல், கட்டவிழ்த்த கைபேசி: மூன்றும் நாக்கில் இடறவில்லை. கட்டு இல்லாமலே விற்பதைக் 'கட்டற்ற கைபேசி' எனலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கட்டற்ற மென்பொருள் (ஃப்ரீ சாஃப்ட்வேர்) என்பது நம்மிடையே ஊன்றிவிட்ட சொல். கட்டற்ற கைபேசி என்றால் அந்த மென்பொருளில் இயங்கும் கைபேசி என்று எடுத்துக்கொள்வார்கள். 'கட்டில்லாக் கைபேசி'யைப் படித்தால் படுக்க இடம் இல்லாதது போலிருக்கிறது. 'சேவைக்கட்டு இல்லாத கைபேசி' என்று நீட்டியே சொல்லிவிடலாம், குடி முழுகாது.

திறக்கும் எண்ணுக்கு 'அவிழ்ப்பெண்' வேண்டவே வேண்டாம். சந்தி சேர்ந்ததும் நடுவில் யாரோ ஒரு பெண் வந்து நிற்கிறாள், அதுவும் அந்த வினைச்சொல்லோடு. கட்டவிழ் எண் போதும்.

> இப்படிக் கட்டி விற்பதைக் கனடா 2017-லேயே தடுத்துவிட்டது, பிரிட்டனும் ஜப்பானும் 2021-ல். ஒழியப்போகும் பொருளுக்குச் சொல் எதற்கு?

அந்த நாடுகளில் அதற்கு முன் விற்றவை இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. தடுக்காத நாடுகளும் உண்டு. பழைய கைபேசி வாங்குகிறவருக்கு இந்தச் சொல் நாளைக்கே தேவைப்படும்.

இன்னொன்று. 'திறந்த கைபேசி' என்று சிலர் எழுதியதை நான் ஏற்காததற்குக் காரணம், அது அளவுக்கு மீறி வாக்குக் கொடுக்கிறது. கட்டை அவிழ்த்தால் கருவி வேறு சிம்மை ஏற்கும், அவ்வளவே. புது நாட்டின் அலைவரிசையைப் பிடிக்குமா என்பது வேறு கதை. ஜிஎஸ்எம் என்ற 2ஜி முறையின் காலத்தில் ஐரோப்பாவிலும் ஆசியாவின் பெரும்பகுதியிலும் 900, 1800 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்கக் கண்டத்தில் 850, 1900. போகிற இடத்து அலைவரிசையைப் பிடிக்காத கருவி கடல் தாண்டினால் ஊமை. 4ஜி வந்த பிறகு அலைவரிசைப் பட்டைகள் இன்னும் பெருகிவிட்டன. அதைவிடக் குழப்பம் வோல்ட்டி, அதாவது குரல் அழைப்பையும் 4ஜி வழியாகவே அனுப்பும் முறை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-ல் 3ஜி-யை மூடின, ஆஸ்திரேலியாவில் 2024-ல் மூடினார்கள். அத்தகைய இடத்தில், உள்ளூர் வலையமைப்பின் வோல்ட்டி அமைப்பு கைபேசியில் இல்லையென்றால் இணையம் ஓடும், வாட்ஸப் ஓடும், சாதாரண அழைப்பு மட்டும் போகாது. 'திறந்த கைபேசிதானே வாங்கினேன்' என்று அவர் சண்டைக்கு வந்தால் நியாயம் அவர் பக்கம். கட்டவிழ்த்த கைபேசி என்றால் அந்த வாக்குறுதி இல்லை.

விற்ற வட்டாரத்தின் சிம்மில் முதலில் சில நிமிடம் பேசிய பிறகுதான் வேறு வட்டாரத்துச் சிம்மை ஏற்கும் கருவிகளும் உண்டு. அதை வட்டாரக்கட்டு எனலாம், அதே குடும்பத்தில் அடங்குகிறது. திருட்டுப் பட்டியலில் ஐஎம்இஐ என்ற கருவியின் அடையாள எண் ஏறிப்போனால் அது கட்டும் இல்லை, பூட்டும் இல்லை; தடை.

அப்புறம் ரோமிங். அலைவு, திரிதல், சுற்றலை எல்லாவற்றுக்கும் ஒரே மறுப்புதான்: கைபேசி அலைவதே இல்லை. அயல்நாட்டில் ஓர் அறையில் மேசைமேல் ஓராண்டு அசையாமல் கிடந்தாலும் பழைய சிம் இருந்தால் அது ரோமிங். சொந்த வலையமைப்புக்குள் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினாலும் ரோமிங் இல்லை. நகர்வது முக்கியமில்லை, யார் வீட்டில் தங்கியிருக்கிறது என்பதுதான். பிறந்த வலை, புகுந்த வலை என்று ஒரு சகோதரி விளையாட்டாக எழுதியிருந்தார். இந்த இழையிலேயே சிறந்த சொற்கள் அவைதான் என்பேன். அமைப்புத் திரையில் வைக்கத் துணிவில்லை. பழைய எண்ணுக்கு வங்கியின் ஓடிபி வருவதற்காக இரண்டாம் சிம்மை ரோமிங்கிலேயே விட்டுவைத்து, டேட்டாவை மட்டும் அணைத்து வைக்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்கு அந்தப் பொத்தான் சட்டென்று புரிய வேண்டும். 'அயல்வலை இணைப்பு', 'அயல்வலையில் தரவு' என்று போடுகிறேன். பேச்சில் ரோமிங் இருந்துவிட்டுப் போகட்டும், பழகிய சொல்.

இ-சிம் பற்றிக் கேட்டவருக்கு: செருக அட்டையே இல்லாத இடத்தில் 'சிம் பூட்டு' இன்னும் கண்ணைக் கட்டும். சேவைக்கட்டு இருந்தால் வேறு நிறுவனத்தின் இ-சிம்மும் ஓடாது. அங்கும் சொல் பொருந்துகிறது.

சரி, திரைச் செய்திகளைக் கீழே இட்டிருக்கிறேன். முதலாவது சிம்முக்கு, இரண்டாவது கருவிக்கு. அண்ணியிடம் இரண்டையும் படித்துக் காட்டினேன். இரண்டாவதைக் கேட்டதும், "அப்போ கைபேசியை வித்தவங்களைத்தான் கேட்கணும், இல்லையா?" என்றார்.

"சிம் பூட்டியுள்ளது. உங்கள் பின் எண்ணை இடுங்கள்."

"இக்கைபேசியில் சேவைக்கட்டு உள்ளது. இந்தச் சிம் இதில் இயங்காது. கட்டவிழ் எண்ணை, கைபேசியை விற்ற சேவை நிறுவனத்திடம் கேட்டுப் பெறுங்கள். பின் எண்ணை இங்கே இட வேண்டாம்."