உலகக் கோடும் வட்டாரக் கோடும்: ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பொதுவில் கிடைக்கும் வெப்பநிலைத் தரவை வைத்து வேலை செய்கிறவர்களிடம் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார். என்னிடம் கேட்டவர் என்னோடு வேலை பார்க்கும் நண்பர். "2024-ல் உலகம் எவ்வளவு சூடேறியிருந்தது என்பதற்கு நாசா 1.28 டிகிரி என்கிறது, உலக வானிலை அமைப்பு 1.55 என்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் காலநிலைச் சேவையான கோப்பர்நிக்கஸ் 1.60 என்கிறது. ஆளுக்கொரு கணக்கு. எதை நம்புவது?" என்றார். நியாயமான கேள்விதான். நாசா அளப்பது 1951–1980 சராசரியிலிருந்து, மற்ற இருவரும் அளப்பது 1850–1900 சராசரியிலிருந்து. நாசாவின் எண்ணையே 1850–1900-க்கு மாற்றிப் போட்டால் சுமார் 1.47 வந்துவிடும். மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசம், அளவீடே இல்லாத இடங்களை ஒவ்வொரு குழுவும் எப்படி நிரப்புகிறது, 19-ஆம் நூற்றாண்டின் குறைவான பதிவுகளை எப்படிக் கையாளுகிறது என்பதால் வருவது.

இதைச் சொன்னதும் அவர் தன் கிராஃபைக் காட்டினார். அவருடைய பகுதியின் கோடு உலகக் கோட்டுக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருந்தது. "எங்கள் பக்கம் சூடு ஏறவே இல்லை" என்பது அவர் எடுத்திருந்த முடிவு. ஃபைல்களின் மேலே இருந்த விளக்கத்தைப் படித்தோம். வட்டாரத் தரவுக்கு அடிப்படைக் காலம், அதாவது எந்த ஆண்டுகளின் சராசரியைப் பூஜ்யமாக வைத்து அளக்கிறார்களோ அது, 1991–2020, உலகத் தரவுக்கு 1961–1990. ஏற்கெனவே சூடேறிய காலத்தைப் பூஜ்யமாக வைத்த கோடு கீழே தெரியத்தானே செய்யும்! இரண்டு தொடரிலும் 1961–1990-க்கான சராசரியை ஜனவரிக்குத் தனியாக, பிப்ரவரிக்குத் தனியாக என்று மாதவாரியாக எடுத்து, அந்தந்த மாத மதிப்பிலிருந்து கழித்தோம். அப்புறம் பார்த்தால் அவருடைய பகுதியின் கோடு உலகக் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கிறது. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் நிலப்பகுதி அது, அப்படித்தான் இருக்கும். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி-யின் ஆறாவது அறிக்கை 1850–1900-ஐ 2011–2020-உடன் ஒப்பிட்டுத் தரும் கணக்கில் உலகம் மொத்தமும் 1.09 டிகிரி, நிலம் மட்டும் 1.59, கடல் 0.88. உலகச் சராசரி என்பதில் பெரும்பங்கு கடல்தான் என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நிலத்தில் இருக்கிற எவரும் தன் பகுதியை அந்த எண்ணோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் தன் கோடு உலகக் கோட்டைவிடச் செங்குத்தாக ஏறுவதாகத்தான் தெரியும்.

இன்னொன்று, நேரடி வெப்பநிலையை, அதாவது 27 டிகிரி, 14 டிகிரி என்று அப்படியே போட்டு ஒப்பிடுகிறவர்களையும் பார்க்கிறேன். அதில் தெரிவது அந்த இடம் பூமத்தியரேகைக்கு எவ்வளவு பக்கம், எவ்வளவு உயரம் என்பதுதான். மாற்றத்தைப் பார்க்க விலகல் எண்தான், அதாவது அடிப்படைக் காலச் சராசரியிலிருந்து எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்பதுதான் வேண்டும்.

— மறுமொழி —

ஆர்க்டிக் தரவோடு கொஞ்ச காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். பூமியை அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டம் கட்டமாக வரும் தரவை எடுத்து ஒரு பகுதிக்குச் சராசரி போடும்போது எல்லாக் கட்டத்தையும் சமமாகக் கூட்டி வகுத்துவிடாதீர்கள். 60 டிகிரி அட்சரேகையில் இருக்கும் ஒரு கட்டத்தின் பரப்பு பூமத்தியரேகைக் கட்டத்தில் பாதிதான், துருவத்துக்குப் போகப் போக இன்னும் சுருங்கும். அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்கி எடை கொடுக்க வேண்டும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 1979-லிருந்து ஆர்க்டிக் உலகச் சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. எடை போடாமல் கூட்டினால் அந்தச் சின்னப் பரப்பு மொத்தக் கணக்கையும் மேலே இழுத்துவிடும். கட்டங்களோடு மல்லுக்கட்ட விருப்பமில்லை என்றால் நாசா அட்சரேகை வாரியாக ஆண்டுச் சராசரி கொடுக்கும் சிஎஸ்வி ஃபைல் ஒன்று இருக்கிறது, எக்செல்லிலேயே திறக்கலாம்.

கிரீன்லாந்துக்குத் தெற்கே வட அட்லாண்டிக்கில் ஒரு பகுதி நூறாண்டுக் கணக்கில் குளிர்ந்திருப்பதையும் ஒருமுறை வரைந்து பாருங்கள். உலகம் சூடாகும்போதே ஓரிடம் குளிர்வது முரண்பாடு இல்லை. அங்கே கடல் நீரோட்டம் கொண்டுவரும் வெப்பம் குறைந்திருப்பதுதான் காரணம் என்று பலரும் கருதுகிறார்கள்.

வெப்பமண்டலக் கோட்டில் ஏற்றம் குறைவாக இருக்கிறதே என்று அலட்சியமாக விடவும் கூடாது. அங்கே ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கமும் ரொம்பக் குறைவு. அதனால் சின்ன உயர்வுகூடப் பழைய வரம்பைத் தாண்டிச் சீக்கிரமே வெளியே தெரிந்துவிடுகிறது. கோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

— மறுமொழி —

நான் தனித்தனி நிலையத் தரவு பார்க்கிறவள். உலகெங்கும் உள்ள வானிலை நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஜிஹெச்சிஎன் (GHCN) மாதாந்திரத் தொகுப்பில் திருத்தாததும் திருத்தியதும் இரண்டுமே கிடைக்கும், இரண்டையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வரையுங்கள். விடுபட்ட மாதங்களுக்கு -9999 என்று இருக்கும், முதலில் அதை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சராசரி பாதாளத்துக்குப் போய்விடும். ஒரு நிலையத்தின் கோடு ஏதோ ஓர் ஆண்டில் படிக்கட்டு மாதிரி சட்டென்று இறங்கி அப்படியே தொடர்ந்தால், சுற்றியுள்ள நிலையங்களைப் பாருங்கள். அவற்றில் அந்தப் படி இல்லை என்றால் கருவியை மாற்றியிருப்பார்கள் அல்லது நிலையத்தையே வேறிடத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள். திருத்தம் என்பது பெரும்பாலும் இதைச் சரிசெய்வதுதான்.

"திருத்தி வெப்பத்தைக் கூட்டுகிறார்கள்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. நிலத் தரவில் திருத்தம் கோட்டின் ஏற்றத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது, உண்மை. ஆனால் பழைய காலத்தில் கப்பலில் வாளியால் நீர் மொண்டு அளந்தபோது நீர் ஆறிப்போய்க் குறைவாகக் காட்டியது, அதைச் சரிசெய்ததில் பழைய கடல் வெப்பநிலை உயர்ந்தது. நிலம், கடல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1880-லிருந்து கணக்கிடும் உலக வெப்பமாதல் திருத்தத்துக்குப் பிறகு குறைகிறது. இரண்டு ஃபைல்களும் திறந்தே கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் வரைந்து பார்க்கலாம்.