ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் வீட்டாருக்கு ஒரு கேள்வி: பரிசோதனையில் பொட்டாசியம் 7.4 என்று, உயிருக்கே ஆபத்தான அளவில், வந்த அன்று உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கானாடுகாத்தான் மகள்:

அப்பச்சிக்கு, அதாவது என் தந்தைக்கு, சிஎல்எல் என்ற மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வெள்ளையணு 2,80,000 என்பது எங்களுக்குப் பழகிப்போன எண். சென்ற ஆடியில் வந்த பொட்டாசியம் 7.4தான் பழகாதது. காலையில் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த பையன் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் காரைக்குடிக்குப் போனான். மாலையில் ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தபோது அப்பச்சி முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அதைக் கையிலிருந்து பிடுங்கி வாசலில் கொட்டினேன்.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மறுபடி எடுத்தார்கள். மாதிரிகளை வேகமாக உந்தி அனுப்பும் காற்றழுத்தக் குழாய் வழியாக ஆய்வகத்துக்குப் போன அந்த ரத்தம் 7.9 காட்டியது. பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் தயாராகிவிட்டன. ஆனால் பணியில் இருந்த இளம் மருத்துவர் ஈசிஜி தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பொட்டாசியம் அவ்வளவு ஏறினால் அதில் கூர்மையாக உயர வேண்டிய அலைகள் உயரவில்லை என்பது அவருடைய சந்தேகம். அது எனக்குப் புரியவில்லை. ஊசியை ஏன் இன்னும் போடவில்லை என்று பட்டாசாலையில் வேலையாளைக் கூப்பிடும் குரலில் சத்தம் போட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சிறிய ஊசிக்குழலில் தாமே ரத்தம் எடுத்து, ததும்பும் எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்துவதுபோல் கையில் பிடித்தபடி, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த, ரத்தத்தை அப்படியே உடனே அளக்கும் ரத்தவாயுக் கருவிக்கு நடந்தே போனார். சில நிமிடங்களில் கொண்டுவந்து நீட்டிய சீட்டில் 4.3 என்று இருந்தது.

சிஎல்எல் அணுக்கள் எளிதில் உடைபவை என்றும், குலுங்கினாலும், ரத்தத்தைப் பிரிக்கும் மையவிலக்குக் கருவியில் சுற்றினாலும், சிலருக்கு ஹெப்பாரின் என்ற உறையாமல் தடுக்கும் மருந்து கலந்த குழாயில் நின்றாலும்கூட உடைந்து உள்ளிருக்கும் பொட்டாசியத்தைக் கொட்டிவிடும் என்றும் பிறகு விளக்கினார். ஏறியது குழாயில், உடம்பில் அல்ல. நான் கேட்டபடி அந்த ஊசியைப் போட்டிருந்தால், சரியாக இருந்த 4.3 எங்கே இறங்கியிருக்கும் என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

தேவகோட்டைத் தகப்பன்:

ஆச்சி, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் "பொய்ப் பொட்டாசியம்" என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. என் மகனுக்கு ஏஎல்எல், வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய். சிகிச்சை தொடங்கிய இரண்டாம் நாள் பொட்டாசியம் 6.6க்கும் பாஸ்பரஸ் 9க்கும் ஏறி, கால்சியம் 6.4க்கு இறங்கியிருந்தது, கூடவே யூரிக் அமிலமும் ஏறியிருந்தது. மருந்து பட்டு அணுக்கள் கூட்டமாக உடைந்து, அவற்றின் சரக்கெல்லாம் உடம்பிலேயே இறங்கியிருந்தது. செவிலியர் ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைக் கட்டிக் காற்றேற்றியபோது, அவன் கை மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் ஒட்டிக் குவிந்து, விரிக்க முடியாமல் நின்றது. "அப்பா, கை என் பேச்சைக் கேட்கவில்லை" என்றான். கால்சியம் குறைந்ததன் அடையாளம் அது. இரண்டு முறை டயாலிசிஸ் செய்தார்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அந்தப் பட்டையைக் கண்டால் எனக்குத்தான் கை நடுங்குகிறது.

பள்ளத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

என் மனைவிக்கு ஏஎம்எல், அதுவும் வேகமாக வளரும் இன்னொரு வகை ரத்தப் புற்றுநோய். பூஞ்சைத் தொற்றுக்கு ஆம்போடெரிசின் ஏற்றியபோது பொட்டாசியம் 2.6க்கு இறங்கியது; நரம்பு எரிகிறது என்று அவர் அழ அழ எவ்வளவு பொட்டாசியம் ஏற்றியும் இறக்கம் நிற்கவில்லை, மக்னீசியத்தைச் சரிசெய்த பிறகே நின்றது.

யாரும் கேட்கவில்லை எனினும் சில செய்திகளைச் சொல்ல வேண்டியது என் கடமை. பொட்டாசியத்தை ஒருபோதும் தனியாகப் படிக்காதீர்கள். அதனுடன் பாஸ்பரஸும் யூரிக் அமிலமும் ஏறிக் கால்சியம் இறங்கியிருந்தால் தேவகோட்டையாரின் கதை. மற்றவை அசையாமல், வெள்ளையணு லட்சக்கணக்கில் இருந்து, பொட்டாசியம் மட்டும் ஏறியிருந்தால் ஆச்சியின் கதையாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அதை முடிவு செய்ய வேண்டியது ஈசிஜியும் மருத்துவரும், நாம் அல்லர். சோடியம் குறைந்திருந்தால் உப்பை அள்ளிப் போடாதீர்கள். வின்கிரிஸ்டின் போன்ற புற்றுநோய் மருந்தால் உடம்பு தண்ணீரைத் தேக்கிக்கொள்வதாலும் அது குறையும், அப்போது தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இளநீரிலும் பொட்டாசியம் உண்டு. ஆகவே ஆச்சி கொட்டியது அந்த நேரத்துக்குத் தவறே இல்லை. ஒவ்வொரு பரிசோதனை முடிவையும், எப்போது ரத்தம் எடுத்தார்கள், எப்போது ஆய்வகம் சேர்ந்தது, அன்று என்ன மருந்து என்பவற்றோடு ஒரே நோட்டில் எழுதிவாருங்கள்.

புதுவயல், ஆய்வகப் பணியாளர்:

எல்லாப் பழியையும் அந்தப் பையனின் சட்டைப் பையில் போட வேண்டாம். ரத்தம் எடுக்கும்போது நோயாளி கையை மூடி மூடித் திறந்தாலும், மாதிரியைப் பிரிக்காமல் குளிர்பெட்டியில் வைத்தாலும் பொட்டாசியம் ஏறும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊதா மூடிக் குழாயில் நிறைந்ததில் கொஞ்சத்தை மற்றக் குழாயில் ஊற்றிவிட்டேன். ரத்தம் உறையாமலிருக்க ஊதாக் குழாயில் இருக்கும் மருந்து பொட்டாசிய உப்பு. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளவும் செய்யும். பொட்டாசியம் 11, கால்சியம் 3 என்று வந்தது. அந்த ரத்தத்துக்குரிய அம்மாள் எதிரே நாற்காலியில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்.

கானாடுகாத்தான் மகள்:

தேவகோட்டை அண்ணன் சொல்வது சரி. நாங்களும் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. இப்போதும் எண் ஏறினால் கிளம்பத்தான் செய்கிறோம். சீட்டில் மட்டும் வெள்ளையணு எண்ணிக்கையையும், கையில் கொண்டுபோய் உடனே பார்க்கவும் என்பதையும் எழுதிவாங்கிக்கொள்கிறோம்.

ஆசிரியர் ஐயா சொன்ன நோட்டை அப்பச்சி எப்போதோ தொடங்கிவிட்டார்கள், பழைய வட்டிக்கடைப் பேரேட்டில். 7.4, 7.9 இரண்டையும் எழுதி எதிரே "பொய்க்கணக்கு" என்று குறித்திருக்கிறார்கள். அதற்கடுத்த வரியில் இளநீர் ஒன்று, 50 ரூபாய், என் பெயரில் பற்று.