புதுப்பிப்பு: வகுப்பறைக் காற்று வடிகட்டிப் பெட்டி தயார்

பிள்ளைகளின் வகுப்பறைக்கு நாமே காற்று வடிகட்டி செய்தால் என்ன என்று முன்பு கேட்டிருந்தேன். செய்தாயிற்று. 2020இல் அமெரிக்கப் பொறியாளர் ரிச்சர்ட் கோர்சியும் வடிகட்டி நிறுவனம் நடத்தும் ஜிம் ரோசன்தாலும் உருவாக்கிய அமைப்புதான்: நான்கு மெர்வ் 13 வடிகட்டிகள் (நுண்துகளையும் பிடிக்கும் தரம்) சுவராக, அடியில் அட்டை, மேலே, உள்காற்றை இழுத்து வெளியே தள்ளும் சதுரப் பெட்டி விசிறி, இடுக்கெல்லாம் டேப்.

முதல் பெட்டியில் சொதப்பினேன். வடிகட்டியின் ஓரத்தில் இருக்கும் அம்புக்குறி உள்பக்கம் பார்க்க வேண்டும். ஒன்றைத் திருப்பி ஒட்டிவிட்டேன். டேப்பைப் பிய்த்ததில் சட்டமும் சேர்ந்து கிழிந்தது.

அப்புறம் விசிறியின் மூலைகள். யாரோ சொன்னார்களே என்று ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பார்த்தேன். நடுவளையத்தில் படபடவென்று மேலே பறந்தது. மூலைக்குக் கொண்டுபோனதும் சட்டென்று கம்பியோடு ஒட்டிக்கொண்டது! அறைக் காற்று வடிகட்டி வழியாக வராமல் அங்கேயே உள்ளே புகுந்து வீணாகிறது. அட்டையில் வட்டம் வெட்டி மூலைகளை மூடியதும் சரியானது.

சத்தம்தான் இன்னும் தகராறு. முழு வேகத்தில் வைத்தால் ஆசிரியரின் குரல் கடைசி பெஞ்சுக்கு எட்டவில்லை. அதனால் இன்னொன்றும் கட்டி, இரண்டையும் குறைந்த வேகத்தில் ஓட்டுகிறோம். ஜன்னலை மூடிவிடலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். இது தூசியையும் நுண்துகளையும்தான் பிடிக்கும், நாம் மூச்சில் விடும் கரியமில வாயுவை அல்ல. அது ஜன்னல் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.