‘அப்பர் ஹேண்ட்’: மேற்கரம் வேண்டாம், ஓங்குகை சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

இரண்டு நாள் மடல் பார்க்கவில்லை. வந்து பார்த்தால் ‘அப்பர் ஹேண்ட்’ (upper hand) என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் என்ன போடலாம் என்று இந்த ஒரு சொல்லுக்கே ஏகப்பட்ட மடல்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில், குழுவில் முன்வைத்த ‘மேற்கரம்’. அதைக் கேட்டதும் எனக்குச் சாமி சிலைதான் கண்ணில் நிற்கிறது: மேற்கரத்தில் சங்கும் சக்கரமும். சிற்பம் பற்றி எழுதுகிறவர்களுக்கு அந்தச் சொல் வேண்டும், அவர்களிடமே இருக்கட்டும்.

> ‘அதிகாரம் பெறுதல்’ என்றே போட்டால் என்ன?

போடலாம் அண்ணா, பொருள் வழுக்கிவிடும். அதிகாரம் பதவியோடு வருவது, தாசில்தாருக்கு இருப்பது. அப்பர் ஹேண்டுக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், இழுபறி வேண்டும், அது இப்போதைக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மதியத்துக்குள் மாறியும் போகலாம். எங்கள் வேலூர்க் கோட்டையையே பாருங்கள். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்பே சிப்பாய்கள் எழுந்து கோட்டையைப் பிடித்துத் திப்புவின் கொடியையும் ஏற்றிவிட்டார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார், எல்லாம் தலைகீழாகிவிட்டது. நடுவில் இருந்த அந்தச் சில மணி நேரத்தை ‘சிப்பாய்கள் அதிகாரம் பெற்றிருந்தார்கள்’ என்று யாராவது எழுதுவோமா? ‘சிப்பாய்களின் கை ஓங்கியிருந்தது’ என்போம்.

ஆங்கிலத்தில் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தீர்கள். பேஸ்பால் மட்டையில் பையன்கள் மாறி மாறிக் கை வைத்து ஏறிக்கொண்டே போவார்களாம், கடைசியில் உச்சியில் யார் கையோ அவர் அணிக்கு முதல் தேர்வு. கதை நன்றாக இருக்கிறது, ஆனால் பேஸ்பாலுக்கு வெகுகாலம் முன்பே, 16ஆம் நூற்றாண்டில் கவர்டேல் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்த வேதாகமத்தின் 9ஆம் சங்கீதத்திலேயே இந்தத் தொடர் உண்டு. மனிதனுக்கு மேல் கை கிடைக்க விடாதேயும் என்று ஆண்டவரிடம் கேட்கிற வசனம். நம் வேதாகமத்தில் அதே இடத்தில் ‘பெலன்கொள்ளாதபடி’ என்று இருக்கிறது, கை வரவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன் (மடல் பார்க்காததற்கு அதுவும் ஒரு காரணம்). துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதை அங்கே பார்க்கலாம். வாய் பேசாது. ஒருவர் இரண்டு விரலைப் பிடிக்கிறார், மற்றவர் உதறுகிறார், மறுபடி துண்டு மூடுகிறது. விற்க வந்தவர் மூன்றாவது முறை உதறவில்லை, துண்டைப் பார்த்தபடி நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்த தரகர் என்னிடம் சொன்னார்: “தீவனம் இல்ல, வித்தே ஆவணும்னு வந்துகீறாரு. வாங்கறவரு கைதான் ஓங்கி கீது.”

நமக்கு வேண்டியது மொத்தமும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. லெவரேஜுக்கு (பேரத்தில் எதிராளியை அசைக்க உதவும் பலம்) ‘நெம்புதிறன்’ என்று போட்டுவிட்டோம், அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடும் அதில்தான். வாங்குகிறவருக்கு அவசரம் இல்லை என்பது அவருடைய நெம்புதிறன், சந்தைக்கு வரும்போதே கொண்டுவந்தது. துண்டுக்குள் மூன்றாவது பிடியில் நடந்ததுதான் கை ஓங்குவது.

ஆக, வினைச்சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம்: ‘கை ஓங்கியது’ வேறு, ‘கையை ஓங்கினான்’ வேறு. இரண்டாவது அடிதடி. நம் கலைச்சொல் பட்டியலில் எடுத்துக்காட்டு கொடுக்கும்போது அந்த ‘ஐ’ உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் பெயர்ச்சொல்லில்தான். சுற்றிலும் உள்ளவர்கள் இதை எப்போதோ முடித்துவிட்டார்கள். குடியாத்தம் தாண்டிச் சித்தூர்ப் பக்கம் போனால் தெலுங்கில் ‘பைசேயி’, நாளிதழில் அடிக்கடி கண்ணில் படும். கன்னடத்தில் ‘மேலுகை’, மலையாளத்தில் ‘மேல்க்கை’. மூன்றும் மேல், கை என்கிற இரண்டு சொல்தான். அப்படியானால் நமக்கு ‘மேற்கை’ என்று நேற்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. அப்புறம் ‘தொழிற்சங்கம் மேற்கை அடைந்தது’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். தொழிற்சங்கம் ராணிப்பேட்டையிலிருந்து கிளம்பி பெங்களூர் போய்ச் சேர்ந்துவிட்டது! புணர்ச்சியை விட்டு ‘மேல்கை’ என்று எழுதலாம், ஆனால் பிழைதிருத்துகிறவர் யாராவது அதை மேற்கு நோக்கித் திருப்பிவிடுவார்.

அதனால் ‘ஓங்குகை’ என்று முன்வைக்கிறேன். வினைத்தொகை: ஓங்கிய கை, ஓங்குகிற கை, ஓங்கும் கை. காலம் காட்டாதது இங்கே வசதி, ஏனென்றால் இந்தக் கை யாரிடமும் நிலையாக இருப்பதில்லை. வினைத்தொகை என்பதால் க் மிகாது, ‘ஓங்குக்கை’ என்று எழுதிவிடாதீர்கள். இதையே செய்கை, வருகை போலத் தொழிற்பெயராக எடுத்துக்கொண்டாலும் ஓங்குதல் என்றே பொருள் வரும். எப்படிப் பிரித்தாலும் கெடவில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

‘இரண்டாம் சுற்றுப் பேச்சில் நிர்வாகத்துக்கே ஓங்குகை.’
‘ஓங்குகை கைமாறியது.’

முதலாவது நன்றாகவே நிற்கிறது. இரண்டாவதில் கை இரண்டு முறை வந்து இடிக்கிறது, ‘இடம் மாறியது’ என்று எழுத வேண்டியிருக்கும். பேச்சில் இந்தச் சொல் வராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பொய்கையில் போய்ச் சொன்னால் அந்தத் தரகர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். பாடப்புத்தகத் தலைப்புக்கும் அட்டவணைக்கும் மட்டும் ஓங்குகை, விளக்க உரையில் கை ஓங்குதல் என்று வைத்துக்கொள்ளலாம்.

‘விப் ஹேண்ட்’ அடுத்த வரிசையில் இருக்கிறது. வண்டியோட்டியின் சாட்டை பிடித்த கை அது, சாய்வு மாறுகிற இழுபறி அதில் இல்லை, ஆகவே இதோடு சேர்த்துவிடக் கூடாது. ‘சாட்டைப்பிடி’ என்று குறித்து வைத்திருக்கிறேன், எனக்கே திருப்தியில்லை. ஜட்கா ஓட்டியவர்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

காட்பாடியிலிருந்து,
உங்களில் ஒருவன்