புதுப்பிப்பு: மெர்க்குரி, ஜாவா கிரேடில் 'நோ கிளாஸஸ்' (no clauses) பிழை தீர்ந்தது

கல்லணைக் கால்வாயின் நீரோட்ட வேகம் கணக்கிடும் மெர்க்குரி (ஒரு நிரல் மொழி) நிரல் சி கிரேடில், அதாவது சி கோடாக மாற்றும் கம்பைல் முறையில், ஓடுகிறது; ஜாவா கிரேடில் 'நோ கிளாஸஸ் ஃபார் பிரெடிகேட்' (இந்த பிரெடிகேட்டுக்கு விதி எதுவும் எழுதப்படவில்லை) என்று நிற்கிறது, ஏன் எனக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீரோட்ட வேகத்தைத் தரும் மானிங் சூத்திரத்துக்கு சி மொழியில் மட்டுமே ஃபாரின்-ப்ராக் (மெர்க்குரிக்குள் வேறு மொழியில் எழுதும் கோடு) எழுதியிருந்ததுதான் காரணம். ஜாவாவுக்கு கம்பைல் செய்யும்போது அது கணக்கில் வராது.

முதலில் முயன்றது, விதி எழுதாத பிரெடிகேட்டையும் அனுமதிக்கும் அலவ்-ஸ்டப்ஸ் ஆப்ஷன். பிழை வார்னிங்காக இறங்கியது, கம்பைலும் ஆனது. ஓட்டும்போது அந்த இடத்தில் எக்ஸெப்ஷன். நோ-வார்ன்-ஸ்டப்ஸையும் சேர்த்தால் அந்த வார்னிங்கும் மறைந்துவிடும், தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

கைகொடுத்தது கும்பகோணம் நண்பரின் யோசனை: ஃபாரின்-ப்ராக்கின் கீழேயே சாதாரண மெர்க்குரி கிளாஸ் (clause, விதி) ஒன்று எழுதுவது. சி கிரேடு ஃபாரின்-ப்ராக்கை எடுத்துக்கொள்ளும், ஜாவா கிரேடு கிளாஸை எடுத்துக்கொள்ளும். நீரியல் ஆரம் 1 மீட்டர், சரிவு 0.0001, உராய்வு எண் 0.025 கொடுத்தால் இரண்டிலும் விநாடிக்கு 0.4 மீட்டர்.

எதிர்பாராதது இனிதான். கோரை மண்டிய வாய்க்காலுக்கு உராய்வு எண்ணை 0.04 எனக் கொடுத்தபோது ஜாவாவில் 0.25, சி-யில் அதே 0.4! சி கோடில் 0.025 நேரடியாக எழுதப்பட்டிருந்தது. 'இந்த வேரியபிள் சி கோடில் வரவில்லை' என்று கம்பைலர் முதலிலிருந்தே வார்னிங்கில் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். இப்போது திருத்தியாயிற்று, இரண்டிலும் 0.25.