வாழ்க்கைத்துணை விசா: 'கூடுதல் அவகாசம் தேவை' என்ற மின்னஞ்சலை எப்படிப் புரிந்துகொள்வது?

நித்திலா:
வணக்கம். என் கணவர் பிரிட்டனில் பணிபுரிகிறார். திருமணமாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அவற்றில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்கள் ஐம்பத்திரண்டு மட்டுமே. வாழ்க்கைத்துணை விசாவுக்கு விண்ணப்பித்து, கைரேகை கொடுத்துப் பதினொரு வாரங்கள் கடந்த நிலையில், சென்ற செவ்வாயன்று, வழக்கமான கால வரம்புக்குள் முடிவெடுக்க இயலவில்லை என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. காரணம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. அன்றிலிருந்து சமர்ப்பித்த ஆவணங்களை இரவுதோறும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய சம்பளச் சீட்டு ஒன்றில் வீட்டு எண் விடுபட்டிருப்பதை நேற்றுதான் கவனித்தேன், தூக்கம் போய்விட்டது. இந்த மின்னஞ்சல் மறுப்புக்கு முன்னறிவிப்பா? காசநோய் இல்லை என்பதற்கான சான்றிதழ் ஆறு மாதங்களுக்கு மட்டுமே செல்லும் என்கிறார்கள். அதற்குள் முடிவு வராவிட்டால் என்ன செய்வது?

கரையோரம்:
சகோதரி, அது முன்னறிவிப்பு அல்ல. என் மனைவிக்கும் அதே மின்னஞ்சல் வந்தது. பிறகு விசாவும் வந்தது. சான்றிதழ் விண்ணப்பித்த நாளில் செல்லுபடியாக இருந்தால் போதுமானது; பரிசீலனைக் காலத்தில் அது காலாவதியாவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீட்டு எண்ணைப் பொறுத்தவரை, விசா அதிகாரிகள் முதன்மையாகப் பார்ப்பது, சீட்டிலுள்ள நிகர ஊதியம் அதே தொகையாக வங்கிக் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்பதைத்தான். அந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து ஒருமுறை பாருங்கள். பிறகு கோப்பை மூடிவிடுங்கள். விடுபட்ட ஆவணத்தை அதிகாரி கேட்டுப் பெறுவதற்கும் விதிகளில் இடம் இருக்கிறது.

மழைக்காகிதம்:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் ஆறுதல் மட்டும் போதாது என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். 2024 ஏப்ரல் 11 முதல், துணையை அழைப்பவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆண்டு வருமான வரம்பு 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்ந்தது. உங்கள் கணவரின் ஊதியம் இந்த வரம்பையொட்டி இருந்து, மிகைநேரப் பணியால் மாதந்தோறும் தொகை ஏறி இறங்கினால், ஆறு மாதச் சீட்டுகளையும் கணக்கிட்டுப் பார்ப்பதற்கே நேரம் பிடிக்கும் என்பது என் கருத்து. தாமதத்துக்கு விண்ணப்பதாரரின் பிழைதான் காரணம் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2022இல் உக்ரைன் அகதிகளின் விண்ணப்பங்களுக்கு முன்னுரிமை அளித்தபோது, இந்த விசாவுக்கான காலவரம்பையே 24 வாரங்களாக உயர்த்தினார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் கணவர் தாம் குடியிருக்கும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினருக்கு, விண்ணப்ப எண்ணையும் கைரேகை கொடுத்த தேதியையும் குறிப்பிட்டு, உங்கள் ஒப்புதல் கடிதத்தையும் இணைத்து எழுதலாம். அவருக்கு வாக்களித்தாரா என்று யாரும் கேட்கமாட்டார்கள். உறுப்பினரின் அலுவலகம் விசாரித்தால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவரும். ஆனால் வரிசையில் முன்னால் தள்ளிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒருவேளை மறுத்தாலும், வெளிநாட்டிலிருந்து மேல்முறையீடு செய்ய 28 நாட்கள் அவகாசம் உண்டு. ஆகவே பழைய ஆவணங்களோடு, சந்திப்புப் பயணங்களின் சீட்டுகளையும் புதிய ஊதியச் சீட்டுகளையும் தொடர்ந்து சேர்த்து வையுங்கள். 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்று பணம் கேட்கும் முகவர்களை மட்டும் அண்டவிடாதீர்கள்.

தேன்மொழி77:
நித்திலா, ஒன்பது மாதங்கள் இப்படிக் காத்திருந்தவள் நான். பிறர் விண்ணப்பித்த தேதியையும் அவர்களுக்கு முடிவு வந்த தேதியையும் பட்டியலிடும் குழுக்களைவிட்டு முதலில் வெளியேறுங்கள். எனக்குப் பின்னால் விண்ணப்பித்தவருக்கு முன்னால் கிடைத்தது என்று தெரிந்த நாளில் நான் என் கணவரோடு சண்டை போட்டேன், அவர் என்ன செய்வார் பாவம்! எங்கள் தொலைபேசி உரையாடல் முழுவதும் விசாவாகவே மாறிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைப் பற்றிப் பேசுவது என்று தீர்மானித்தோம். மற்ற நாட்களில் அவர் சமைத்துக் கருக்கியவற்றைப் பற்றிப் பேசினோம். இன்னொன்று: கடைசியில் வரும் மின்னஞ்சலில், முடிவு எடுக்கப்பட்டுவிட்டது என்று மட்டும் இருக்கலாம், என்ன முடிவு என்று இருக்காது. எனக்கு அப்படித்தான் வந்தது. அதைக் கண்டு நெஞ்சு படபடத்தால், அது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல.

நித்திலா:
அனைவருக்கும் நன்றி. ஆறு மாதச் சீட்டுகளையும் வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டேன். தொகைகள் பைசா பிசகாமல் ஒத்துப்போகின்றன. ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன். அவர் நாளை உறுப்பினருக்கு எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டைச் சொன்னதும், இன்று வியாழன்தானே என்று பேச்சை மாற்றிவிட்டார்.