பழைய மோட்டார்ஹோமில் ஃபேன் ஷ்ரவுடில் உரசுகிறது – அவசர உதவி தேவை

மலைச்சாலை
வணக்கம். ரேடியேட்டரை மாற்றியதிலிருந்து என்னுடைய மோட்டார்ஹோமில் (தங்கும் வசதியுள்ள வண்டி) எஞ்சின் ஃபேன், அதைச் சுற்றியிருக்கும் உறையான ஷ்ரவுடில் உரசுகிறது. முன்பு இந்தச் சத்தம் வந்ததில்லை. ஷ்ரவுடின் விளிம்பைக் கொஞ்சம் அறுத்துவிடலாமா, அல்லது இறக்கைகளின் நுனியை அரத்தால் தேய்த்துக் குறைக்கலாமா? விரைவில் வண்டியை வெளியே எடுத்தாக வேண்டும்.

பம்ப்செட்
எந்த ஆண்டு வண்டி, எந்தச் சேஸி, எந்த எஞ்சின் என்று எதையும் நீங்கள் சொல்லவில்லை. உரசல் மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா? நியூட்ரலில் வேகத்தைக் கூட்டினாலும் வருகிறதா, கியர் விழுந்து வண்டி இழுக்கும்போது மட்டும் வருகிறதா? பதில் வரும்வரை ஒன்றை மட்டும் சொல்லி வைக்கிறேன்: இறக்கையில் அரத்தை வைக்காதீர்கள். சமநிலை கெட்ட ஃபேன் முதலில் வாட்டர் பம்ப் பேரிங்கைத் தின்னும். பிறகு ஒரு நாள் இறக்கை முறிந்து பறக்கும். இந்த வகை வண்டிகளில் எஞ்சின் மூடி இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சிலிக்கான்
எனக்குச் சந்தேகமே இல்லை, இது ஃபேனை எஞ்சினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச்தான். ரேடியேட்டரை மாற்றும்போது கிளட்சைக் கழற்றி வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் பேரிங் தேய்ந்திருந்தால், வேகம் கூடும்போது ஃபேன் தள்ளாடிச் சுற்றும். எஞ்சினை அணைத்து ஆறவிட்டபின் இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சற்றே ஆட்டம் இருப்பது இயல்பு. கையில் தெளிவாகத் தட்டினாலோ, கிளட்சின் முகத்தில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ, அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மூத்தமெக்கானிக்
இதே கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லாததால் அடிப்படைக் கணக்கை மீண்டும் தருகிறேன். ரேடியேட்டரின் முகத்துக்கும் இறக்கையின் முன்விளிம்புக்கும் இடையே குறைந்தது 25 மி.மீ. வேண்டும். இறக்கை நுனிக்கும் ஷ்ரவுடுக்கும் இடையே சுற்றிலும் 12 முதல் 25 மி.மீ. வேண்டும். இறக்கையின் ஆழத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை ஷ்ரவுடுக்குள் இருக்க வேண்டும்; மீதி வெளியே எஞ்சின் பக்கம் நிற்க வேண்டும். அளவுகோலே எடுக்காமல் அரத்தை எடுப்பவருக்கு இதற்கு மேல் என்ன சொல்வது?

காற்றாடி
இத்தனை தொல்லை எதற்கு? அந்த ஃபேனையே கழற்றிவிட்டு ரேடியேட்டரோடு ஒட்டிய மின்சார ஃபேன் இரண்டைப் பொருத்துங்கள். எஞ்சின் ஆடினாலும் அது ஆடாது, இடைவெளிப் பிரச்சினையே எழாது.

மூத்தமெக்கானிக்
சிறிய காரில் செய்ததை இங்கே அப்படியே ஒப்பிக்கிறீர்கள். பல டன் எடையுள்ள வண்டி மேட்டில் மெதுவாக ஏறும்போது எதிர்க்காற்று கிடைப்பதில்லை. வெப்பமோ உச்சத்தில் இருக்கும். அப்போது எஞ்சினால் சுழலும் பெரிய ஃபேன் இழுக்கும் காற்றை உங்கள் இரண்டு ஃபேன்களும் சேர்ந்தால்கூட இழுக்காது. அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் அந்த மின்சாரத்தையும் சுமக்க வேண்டும் என்பதை யோசித்தீர்களா?

காற்றாடி
ஆல்டர்னேட்டரையும் மாற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் பழையபடியே வைத்திருப்பதுதான் அறிவு என்று யார் சொன்னது?

சிலிக்கான்
நல்ல நிலையில் உள்ள கிளட்ச் இருந்தால் இந்த வாதத்துக்கே இடமில்லை. ரேடியேட்டர் வழியாக வரும் காற்றின் சூட்டை முன்பக்கச் சுருள் உணர்ந்து, தேவைப்படும்போது மட்டும் ஃபேனை எஞ்சினோடு பிணைக்கிறது. மற்ற நேரத்தில் ஃபேன் வழுக்கிக்கொண்டு சுழல்வதால் எஞ்சினின் சக்தியும் வீணாவதில்லை.

மலைச்சாலை
மன்னிக்கவும், இப்போதுதான் பார்த்தேன். 1974 டாட்ஜ் எம்-300 சேஸி, 440 கன அங்குல எஞ்சின். மூன்று வரிசைக் குழாய்கள் கொண்ட ரேடியேட்டருக்குப் பதில் நான்கு வரிசை போட்டிருக்கிறேன். ஷ்ரவுட் பழையதுதான். ஃபேனைச் சுற்றி எல்லாப் பக்கமும் சம இடைவெளி வரும்படி பார்த்துத்தான் முடுக்கினேன். உரசிய தடம் மேல்விளிம்பில் மட்டும் வில் போலப் பளபளக்கிறது. நின்ற இடத்தில் எவ்வளவு ரேஸ் செய்தாலும் சத்தம் இல்லை. மேட்டில் அழுத்தும்போது வருகிறது. கிளட்சில் ஆட்டம் இல்லை.

பம்ப்செட்
விடை இதிலேயே இருக்கிறது. ஃபேன் சரியாக இருக்கிறது, எஞ்சின்தான் எழுகிறது. இந்த எஞ்சினை முன்னால் நின்று பார்த்தால் கிராங்க் வலஞ்சுழியாகச் சுற்றும். அதன் எதிர்விசை எஞ்சின் கட்டையை மறுபக்கம் உருட்டப் பார்க்கும். அதனால் சுமை ஏறும்போது வண்டியின் இடப்பக்கத்தில் எஞ்சின் மேலே தூக்கும். எஞ்சினைச் சேஸியில் தாங்கும் இடது மவுண்டின் ரப்பர் விட்டுப்போயிருந்தால் அதைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. தடம் கீழ்விளிம்பில் இருந்து, நின்றபடியே உரசினால், மவுண்டுகள் நசுங்கி எஞ்சின் தொய்ந்துவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உங்களுடையது மேலே, அதுவும் சுமையில்.

ரேடியேட்டரை மாற்றிய பிறகு ஏன் வந்தது என்றால், தொய்ந்து கிடக்கும் எஞ்சினை வைத்து இடைவெளியைச் சமமாகப் பிரித்ததால் ஷ்ரவுட் கீழே இறங்கிவிட்டது. பழைய பொருத்தத்தில் அது சற்று உயரமாக நின்று, எஞ்சின் எழுவதற்கு இடம் விட்டிருக்கும். நான்கு வரிசை ரேடியேட்டரின் தடிமன் முன்பக்க இடைவெளியைக் குறைக்குமே தவிர, மேல்விளிம்பில் உரசலை உண்டாக்காது.

சோதனை எளிது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைபிரேக்கைப் போட்டு, ஒருவர் கால்பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு டிரைவில் போட்டு லேசாக ஆக்சிலரேட்டரைத் தொடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று இடது மவுண்டைக் கவனியுங்கள். வண்டிக்கு நேர் முன்னால் நிற்கவே வேண்டாம். சில நொடிகளுக்கு மேல் நீட்டினால் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாகிவிடும்.

இடதுமவுண்ட்
இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1960களின் பிற்பாதியில் வந்த செவர்லே வண்டிகளில் இதே போல மவுண்ட் ரப்பர் பிரிந்து, எழுந்த எஞ்சின் ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்துவிட்டது. 1971 டிசம்பரில் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, எஞ்சினைப் பிடித்துவைக்க ஒரு கம்பி வடத்தைப் பூட்டித் தந்தார்கள். ஃபேன் உரசும் சத்தம் உங்களுக்கு முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கை. ஷ்ரவுடை அறுத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

சிலிக்கான்
மவுண்டும் இருக்கலாம். ஆனாலும் அந்த வயதுள்ள கிளட்சை நான் நம்ப மாட்டேன்.

மூத்தமெக்கானிக்
மவுண்டைத்தான் நானும் சொல்ல வந்தேன்; விவரம் தராதவருக்கு ஊகித்து எழுதுவது என் வழக்கமில்லை. மாற்றும்போது ஜாக்கை எண்ணெய்ச் சட்டியின் மெல்லிய தகட்டில் நேராகக் கொடுக்காமல், அகலமான மரப்பலகை வைத்துத் தூக்கவும். கியர்பாக்ஸ் மவுண்டையும் பார்த்துவிடவும்.

மலைச்சாலை
இடது மவுண்ட்தான். வால்வ் மூடியிலிருந்து வழிந்த எண்ணெயில் ஊறி ரப்பர் உப்பியிருந்தது. தகட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவர் முழுவதும் உள்ளே போனது. இரண்டு பக்கமும் புதிது போட்டு, அதன்பின் ஷ்ரவுடை மறுபடி மையப்படுத்தினேன். இப்போது மேலே 20 மி.மீ. இருக்கிறது, மேட்டிலும் சத்தம் இல்லை. அனைவருக்கும் நன்றி.

பம்ப்செட்
மகிழ்ச்சி. அந்த வால்வ் மூடி கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் புது ரப்பருக்கும் அதே கதிதான். நான்கு வரிசை போட்டபின் முன்பக்கம் எவ்வளவு இடைவெளி மிஞ்சியிருக்கிறது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. பிரேக்கை ஓங்கி அழுத்தினால் எஞ்சின் முன்னால் நகரும், 25 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஃபேனுக்குப் பின்னால் உள்ள இடைத்துண்டான ஸ்பேசரைச் சிறியதாக மாற்ற வேண்டியிருக்கும். அளந்தீர்களா?